சதவீதத்தை வைத்துக்கொண்டு "குறைந்தது" என்று எழுதாதீர்கள்

குடல் நுண்ணுயிர்கள் பற்றி ஏதாவது ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இந்த நோய் வந்தவர்களுக்கு அந்த பாக்டீரியா குறைந்துவிட்டதாம், இதைச் சாப்பிட்டால் இன்னொன்று பெருகுமாம். பல ஆய்வுகளில் அளந்தது வெறும் பங்கு மட்டும்தான், அதை வைத்து எது கூடியது எது குறைந்தது என்று சொல்லவே முடியாது.

கணக்கு சின்னதுதான். மூன்று பாக்டீரியாக்கள், 100, 100, 200 என்று இருக்கின்றன. சதவீதத்தில் 25, 25, 50. மூன்றாவது மட்டும் 600 ஆகிறது, மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது சதவீதம் 12.5, 12.5, 75. இருந்த இடத்திலேயே இருந்த இரண்டும் பாதியாகிவிட்டதாகத் தெரிகிறது! டிஎன்ஏவைப் படிக்கும் சீக்வென்சிங் மெஷின் தரும் ரீட் எண்ணிக்கை, அதாவது படித்த டிஎன்ஏ துண்டுகளின் எண்ணிக்கை, மாதிரியில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்று சொல்லாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டுப் பி-வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) பார்த்தால் இந்தப் பொய்யும் சேர்ந்துதான் வரும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. பொதுவான ஒரு எண்ணால் வகுத்தால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோல் தோன்றும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897லேயே எச்சரித்தார். இன்னொரு புள்ளியியலாளர் ஜான் எய்ட்சிசன் 1980களில் லாக் விகிதம் என்ற வழியைக் கொடுத்தார், அதாவது ஒன்றை இன்னொன்றால் வகுத்து அதற்கு லாக் (மடக்கை) எடுப்பது. மேலே சொன்ன முதல் இரண்டின் விகிதத்தைப் பாருங்கள், முன்னாலும் 1, பின்னாலும் 1.

சரி, விகிதம் எடுத்தால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. எந்த மாதிரியில் எந்த பாக்டீரியா எத்தனை என்று காட்டும் அட்டவணைகளில் பெரும்பகுதி பூஜ்யம், பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, அதனால் 0.5 அல்லது 1 கூட்டுவார்கள், அரிதான பாக்டீரியாக்களில் அந்தச் சின்ன எண்ணே முடிவைப் புரட்டிவிடும். என்ன கூட்டினார்கள் என்று கட்டுரையில் தேடிப் பார்த்தால் பல நேரம் இருக்காது, எனக்கு இதில்தான் கோபமே வருகிறது. 2022ல் எந்த பாக்டீரியா மாறியது என்று கண்டுபிடிக்கும் 14 முறைகளை 38 தரவுத் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்தார்கள், முறைக்கு முறை வேறு வேறு பாக்டீரியாக்கள் "முக்கியம்" என்று வந்தன. அப்புறம் பிடித்த முடிவைத் தரும் முறையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு சுலபம்!

மொத்தத்தை அளக்க வழி இருக்கிறது. 2017ல் ஃப்ளோ சைட்டோமெட்ரியால் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் முறை) செல்களை எண்ணிப் பார்த்தபோது, குடல் அழற்சி நோயான கிரோன் நோய் உள்ளவர்களின் மலத்தில் நுண்ணுயிர்களின் மொத்த அளவே குறைவாக இருந்தது தெரிந்தது. சதவீதத்தில் இது தெரியவே தெரியாது. செலவு கூடும்தான், ஆனால் அதற்குப் பணமில்லை என்றால் எதோடு ஒப்பிட்டு மாறியது என்று விகிதமாகவே எழுதுங்கள், முறையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள், மற்ற முறைகள் என்ன சொல்லின என்பதையும் பின்னிணைப்பிலாவது போடுங்கள்.