கணினி அணைவதற்கு ராமைக் குறை சொல்ல முதல்

தம்பி, உங்கள் கணினி கேம் விளையாடும்போது அணைகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒருவர் ‘கேம் நடுவில் கணினி அணைந்தால் ராம் போதாது, இன்னொரு 8 ஜிபி போடு’ என்று எழுதியிருக்கிறார். காசைச் செலவழிக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். ராம் என்பது ஓடும் நிரல்களுக்கான தற்காலிக நினைவகம். அது போதாவிட்டால் கேம் திணறும், சிலவேளை கேம் மட்டும் மூடிக்கொள்ளும். முழுக் கணினியும் பட்டென்று அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டையும் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையையும்தான்.

கிளிநொச்சியில் என் வீட்டிலும் இதே கதை. ராம் கூட்டியும் நிற்கவில்லை. பக்க மூடியைக் கழற்றினால், ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் முழுக்கத் தூசி. கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் அது எங்கும் புகுந்துவிடும். மின் வயரைக் கழற்றிவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடைத்தேன். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டும் புதிதாகப் பூசினேன். அதோடு அணைவது நின்றுவிட்டது.

கணினியின் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளைத் திறந்து வைத்து விளையாடுங்கள். ப்ராசசர் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் சூடுதான். நெருங்காமலே அணைகிறதா? வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வரும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவை, ராம் போடச் சொன்னவர் ஆதாரமாகக் காட்டுகிறார். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ராம் பழுதோ என்று சந்தேகம் இருந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இலவசம், ஓர் இரவு ஓடவிடுங்கள்.