எனியாக் பைனரி கணினி அல்ல

எனியாக் 1940களில் அமெரிக்காவில் கட்டிய கணினி. அதைப் பற்றி நீங்கள் "எனியாக்தான் உலகின் முதல் கணினி, இன்றைய கணினி போலவே பைனரியில், நிரலை நினைவகத்தில் வைத்து ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் 'முதல்' என்பதையாவது வாதிடலாம். மற்ற இரண்டும் தவறு.

பைனரி என்றால் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள்; அப்படி ஓர் இலக்கம்தான் ஒரு பிட். எனியாக் கணக்கிட்டதோ தசம எண்ணில். ஒவ்வொரு இலக்கத்துக்கும் 0 முதல் 9 வரை பத்து நிலை கொண்ட வளைய எண்ணி (நிலைகள் வட்டமாகச் சுற்றிவரும் எண்ணும் சுற்று) இருந்தது. இப்படிப் பத்து இலக்கம் கொள்ளும் திரட்டிகள் (எண்ணை வைத்திருந்து கூட்டும் அலகுகள்) மொத்தம் 20. மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் வெற்றிடக் குழாய்கள் கிட்டத்தட்ட 18,000 தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்: பைனரியில் நான்கு பிட்டில் அடங்கும் இலக்கத்துக்குப் பத்து நிலைகள்!

நிரலோ கேபிள்களிலும் சுவிட்சுகளிலும் இருந்தது. நொடிக்கு 5,000 கூட்டல் போடும் இயந்திரம்தான், ஆனால் கணக்கை மாற்ற வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி மறுபடி செருகிச் சரிபார்க்கவே நாள்கணக்கில் ஆகும். 1948இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு கட்டளைகளைச் சுவிட்சுப் பலகைகளில் எண்களாக அமைத்தார்கள். வேலை எளிதானது, வேகம் குறைந்தது. அப்போதும் ஓடும்போது தன் நிரலைத் தானே திருத்த அதனால் முடியாது.

எழுதி அழிக்கக்கூடிய மின்னணு நினைவகத்தில் நிரலை வைத்து முதலில் ஓட்டியது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'பேபி' கணினி, 1948 ஜூன் 21. நினைவகம் வெறும் 32 சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட்.

'முதல்' பட்டத்துக்கும் போட்டி உண்டு. நிரல்படி இயங்கிய, ஜெர்மன் பொறியாளர் சூசேயின் இசட்3 கணினி 1941இலேயே வந்துவிட்டது. அது மின்னணுவில் அல்ல, ரிலேயில் (மின்காந்தச் சுவிட்சில்) ஓடியது, ஆனால் பைனரி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குறியீடு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கின் கொலோசஸ் மின்னணுதான். ஆனால் அது குறியீடு உடைப்பதற்கென்றே கட்டியது. ஆகவே "பொதுப் பயனுக்கான, நிரலாக்கக்கூடிய முதல் மின்னணுக் கணினி" என்று திருத்தினால் எனியாக்குக்குப் பொருந்தும்.