லாக்ஸ்டன்: வேலி இல்லாத ஊரின் வரப்புத் தகராறு

இங்கிலாந்து கிராமம் என்றதும் புல்வெளி, கல் தேவாலயம், தெருமுனையில் ஒரு பப் என்று காலண்டர் படம்தான் கண்ணுக்கு வருகிறது. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனில் இவை மூன்றும் உண்டு. 1086இல் அரசர் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே என்கிற நிலக் கணக்கிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறது. ஊருக்கு வடக்கே பழைய கோட்டையின் மண்மேடு நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரின் விசேஷம் வயலில் இருக்கிறது.

மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய பரப்புகள். உள்ளே வேலி கிடையாது. பல குடியானவர்களின் துண்டுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கிற பார்லி மாதிரி ஏதாவது, மூன்றாவது தரிசு. வருஷத்துக்கு ஒருமுறை இந்த முறை ஒரு படி நகரும். உங்கள் துண்டு எந்த வயலில் கிடக்கிறதோ அந்த வயலின் முறைதான் உங்களுக்கும். 'இந்த வருஷம் விலை நன்றாக இருக்கிறது, தரிசிலும் கோதுமை போடுகிறேன்' என்றால் நடக்காது. தரிசு வயலில் இப்போது புல், தீவனப் பயிர் போட இடம் கொடுத்திருக்கிறார்கள்.

துண்டுகள் நீளநீளமாக இருப்பதற்குக் காரணம் மாடு. களிமண் நிலத்தில் கனத்த கலப்பையை இழுக்கும் காளைப் பூட்டைத் திருப்புவது பெரும்பாடு. அதனால் முடிந்த மட்டும் நேரே ஓட்டிவிட்டுத்தான் திருப்புவார்கள். அந்த ஓட்டத்தின் நீளம் 220 கெஜம், ஒரு ஃபர்லாங். அகலம் 22 கெஜம் என்றால் அதுதான் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் எழுதுகிற அதே ஏக்கர்.

இப்போது கணக்குப் பாருங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உழவுசாலைத் தவிர எதுவும் இல்லை. ஒரு சால் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம். பக்கத்துக்காரன் 'தெரியாமல்' ஒரே ஒரு சால் தள்ளி ஓட்டினால், 200 மீட்டர் நீளத்துக்கு 50 சதுர மீட்டர் போச்சு. ஒரு சென்ட்டுக்கு மேல். வரப்பை அரித்து உழுகிற அண்ணன்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

இதற்கு அவர்கள் வைத்திருக்கிற வைத்தியம்தான் கோர்ட் லீட் என்கிற ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்து முடித்த வயலை ஜூரி சுற்றி வரும். ஜூரி என்றால் வெளியாட்கள் இல்லை, அந்த ஊரில் விவசாயம் செய்கிறவர்களே. கையில் மரக்குச்சிகள், ஒரு சம்மட்டி. எல்லை எங்கே என்று பார்த்துக் குச்சி அடித்துக்கொண்டே போவார்கள். யாராவது பாதையைக் கொஞ்சம் கடித்து உழுதிருக்கிறாரா, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா, 'சைக்' எனப்படும் புல்தரைக்குள் கலப்பையை விட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சைக் என்பது சரிவாகவோ சதசதப்பாகவோ இருப்பதால் உழாமல் விட்ட இடம். அதன் புல்லை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். வாய்க்கால் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. களிமண்ணில் ஒருவர் வாய்க்கால் அடைத்தால் மேலே இருக்கிறவரின் கோதுமை குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும்.

ஒரு வாரம் கழித்து டவ்காட் இன் என்ற பப்பில் நீதிமன்றம் கூடும். நில உரிமையாளர் சார்பில் வருகிற ஸ்டீவர்டு தலைமை. தப்புச் செய்தவருக்கு அபராதம், அடுத்த வருஷ வயலுக்குப் புது ஜூரி. அபராதம் பெரிய தொகை இல்லை. பக்கத்துத் துண்டுக்காரர்கள் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும். 1977இல் நாடாளுமன்றம் இந்த வகைப் பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

'பொதுச் சொத்து என்றால் நாசமாய்ப் போகும், ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடு' என்று சொல்லித்தான் 1604க்கும் 1914க்கும் நடுவே இப்படித் திறந்து கிடந்த வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் பிரித்து வேலி போடுகிற 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றினார்கள். 68 லட்சம் ஏக்கர் போயிற்று. மேயவிடும் உரிமையை மட்டும் நம்பியிருந்த ஏழைக்குக் கிடைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. லாக்ஸ்டனைக் காட்டி அந்த வாதத்தை மறுக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் ஒற்றுமை, கிராமத்துப் பாசம் என்றெல்லாம் உருக வேண்டியதில்லை. வருஷம் தவறாமல் குச்சியோடு போய்ப் பார்க்கிறார்கள், அதனால் தாங்குகிறது. அங்கே வேலியடைப்பு முழுசாக நடக்காமல் போனதற்கே, நிலம் வைத்திருந்த இரண்டு பிரபுக் குடும்பங்கள் ஒத்துப்போகாததுதான் காரணம் என்பார்கள்!

'இடைக்காலம் அப்படியே உறைந்து நிற்கிறது' என்று எழுதுவதும் தப்பு. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தில் கோடு கோடாகத் தெரிகிற துண்டுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். ஓடுவது டிராக்டர். மாறாமல் இருப்பது வீடுகள். மற்ற ஊர்களில் வேலி போட்டதும் பண்ணை வீடு வயலுக்குப் போய்விட்டது. இங்கே பண்ணை வீடுகள் இன்னும் தெருவிலேயே, பல வீடுகள் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கொண்டி மாட்டை அடைக்கிற பட்டிகூட இருக்கிறது.

நிலம் குடியானவர்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் குத்தகைதாரர்கள். மேன்வர்ஸ் பிரபு 1952இல் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரசுரிமை நிலங்களை நிர்வகிக்கிற கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. உரிமையாளர் மாறியதைப் பற்றி அப்போது நிறையக் கவலைப்பட்டார்கள். எனக்குப் பெரிய கவலை வேறு. எல்லா ஊரிலும் போல இங்கேயும் சின்னப் பண்ணைகள் பெரியதில் கரைந்தால், ஜூரிக்கு வேண்டிய 12 பேரை எங்கே போய்ப் பிடிப்பது? ஒரே ஆள் மூன்று வயலையும் உழுதால் குச்சி யாருக்காக அடிப்பது?