சேஸிஸ் எண்ணைப் படித்துப் பாருங்கள்

வெளிநாட்டிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கினால் கார்னே (வண்டியைத் தீர்வை கட்டாமல் தற்காலிகமாக வேறு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) செலவு மிச்சம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது பாதிதான் சரி. மலேசியப் பதிவு வண்டியைத் தாய்லாந்துக்குள் ஓட்டக் கார்னே தேவையில்லை. ஆனால், அதையே சுங்கத் தீர்வை கட்டாமல் தற்காலிகமாக இந்தியாவுக்குள் கொண்டுவரக் கார்னே வேண்டும், அதையும் பெரும்பாலும் வண்டி பதிவான நாட்டின் மோட்டார் சங்கம்தான் தரும்.

காரைக்குடியிலிருந்து பினாங்கில் உள்ள அத்தை வீட்டுக்குப் போய், அங்கே பழைய வண்டியொன்றை வாங்கிய நான், தாய்லாந்தை ஒட்டிய புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லையில், வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தபோதுதான், விற்றவர் தந்த பத்திரத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டு, வந்த வழியே திரும்பினேன். மலேயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன எங்கள் ஐயா, எந்தப் பத்திரத்தையும் மும்முறை படிக்காமல் கையெழுத்திடமாட்டாராம். பணம் கொடுக்கும் முன்பே வண்டியிலும் பத்திரத்திலும் உள்ள சேஸிஸ் எண்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவியை வாங்குங்கள்.