982 பேரையும் காப்பாற்ற வழியே இல்லை

"டெல்ட்ராசில் எரியும்போது வேகமாக ஓடியவர்கள் எல்லாரையும் காப்பாற்றினார்கள், அவர்களுக்குக் கதையே வேறு" என்று சிலர் சொல்வது தவறு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில், 2018 ஆகஸ்டில் பேட்டில் ஃபார் அஸெராத் என்ற விரிவாக்கம் வெளியாகும் முன் வந்த, அலையன்ஸ் அணிக்கான குவெஸ்ட் (பணி) அது; டெல்ட்ராசில் என்பது அந்த அணியின் டார்னாசஸ் நகரம் இருந்த பெருமரம். தீயிலிருந்து மீட்க வேண்டியவர்கள் 982 பேர், நேரம் 3 நிமிடம். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஐந்து பேருக்கு மேல். யாராலும் ஆகாது. ஆகக் கூடாது என்றே அமைத்தார்கள்; பத்துப் பேரை மீட்டாலும் நூறு பேரை மீட்டாலும் குவெஸ்ட் முடிந்துவிடும், மரம் எரிந்தே தீரும். அந்தக் கையாலாகாத்தனம்தான் அந்தக் காட்சியின் பலம். வேறு முடிவு என்று ஒன்று கிடையாது.

மரத்தை எரிக்க உத்தரவிட்ட எதிரணித் தலைவி சில்வானஸை, பின்னர் வரும் வில்லன் ஜெய்லர் மனவசியம் செய்தான் என்பதும் சரியல்ல. வசியத்துக்கு ஆளானவன் அலையன்ஸ் மன்னன் ஆண்டுயின். சில்வானஸ் தானாகவே ஜெய்லருடன் சேர்ந்தாள், விளையாட்டின் 9.1 பதிப்பில் அவனுக்கு அடிபணிய மறுத்து அம்பு எய்ததும் அவளே. அவளிடமிருந்து பிரிந்திருந்த ஆன்மத்துண்டு திரும்பியது அதற்குப் பிறகுதான். அதை வைத்து முந்தைய குற்றத்தைக் கழுவ முடியாது.

பழைய டார்னாசஸைப் பார்க்க வேண்டுமானால் டார்க்‌ஷோரில் நிற்கும் ஸிடோர்மி என்ற பாத்திரத்திடம் பேசுங்கள், எரிவதற்கு முந்தைய காலத்துக்கு மாற்றிவிடுவாள்.