சான் ஜிமிஞ்ஞானோவின் கோபுரங்கள்: ஒரு திருத்தம்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலுள்ள சான் ஜிமிஞ்ஞானோவின் 72 கோபுரங்களும் அந்நியப் படைகளைத் தடுக்கக் கட்டப்பட்டவை என்றும், அந்த ஊரைப் புளோரன்ஸ் படை போரிட்டுக் கைப்பற்றியது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. காரணமும் முடிவும்தான் பிழை.

ஊரைக் காக்க மதில்கள் இருந்தன. கோபுரங்களோ, ரோமுக்குச் செல்லும் யாத்திரைப் பாதையில் நடந்த வணிகத்தாலும் குங்குமப்பூ விற்பனையாலும் செழித்த குடும்பங்கள் தம் செல்வத்தையும் செல்வாக்கையும் காட்ட எழுப்பியவை. ஆர்டிங்கெல்லி, சால்வுச்சி குடும்பங்களின் பகையில் அவை உள்ளூர்ச் சண்டைக்கான புகலிடமாகவும் பயன்பட்டன என்பது உண்மையே. போட்டி எல்லை மீறியதால், நகர ஆட்சி மாளிகையின் ரொன்யோசா கோபுரத்தை விட உயரமாகத் தனியார் யாரும் கட்டக்கூடாது என்று 1255இல் நகரச் சட்டமே தடை விதித்தது. படையெடுப்புக்கு அஞ்சும் ஊர் தன் கோபுரங்களின் உயரத்துக்குத் தானே வரம்பு கட்டுமா? 54 மீட்டர் உயரமுள்ள தோரே குரோஸ்ஸா கோபுரம் இந்தத் தடைக்கு விலக்கு. அது நகராட்சியின் கோபுரம்.

1348இன் கொள்ளைநோய் மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனபின், நலிந்த நகரம் 1353இல் தானாகவே புளோரன்ஸுக்கு அடங்கியது. வணிகப் பாதையும் விலகிப்போனதால் புதிதாகக் கட்ட அங்கே பணமில்லை; எஞ்சிய 14 கோபுரங்களும் பிழைத்ததில் இந்த வறுமைக்குப் பெரும் பங்கு உண்டு.

நேரில் செல்பவர்கள் சிஸ்தெர்னா சதுக்கத்துக் கிணற்றின் கல்விளிம்பைத் தவறாமல் பாருங்கள்: நீர் இறைத்த கயிறுகள் அறுத்த தடங்கள் அதில் இன்றும் ஆழமாக இருக்கின்றன.