அந்த அம்மா ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

போன வருடம் தோஹாவிலிருந்து சென்னைக்கு இரவு விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அரபிக்கடலுக்கு மேலே வரும்போது அவருக்கு நெஞ்சுவலி, சட்டை நனைய வியர்வை. பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவித்தார்கள். பின்னாலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் விமானம் மும்பைக்குத் திரும்பியது. பெரியவரை இறக்கிக் கொண்டுபோகும்போது அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "எங்களால உங்களுக்கெல்லாம் சிரமம். மன்னிச்சுக்கோங்க."

அவரை அப்படிச் சொல்ல வைத்தது நாங்கள்தான். இறங்கியதிலிருந்தே முணுமுணுப்பு. "ஒரு ஆளுக்காக இத்தனை பேர் கிடக்கணுமா?" "உடம்பு முடியலன்னா எதுக்கு ஏறணும்?" எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். நான் எதுவும் முணுமுணுக்கவில்லை, ஆனால் யாரையும் தடுக்கவும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

எதுக்கு ஏறணும் என்று கேட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டும். விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலைமேல் உட்கார்ந்திருப்பது போலத்தான், அதாவது ஊட்டி உயரம். நல்ல உடம்புக்கு அது தெரியாது. இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே சிரமப்படுகிறவருக்கு அந்தக் கொஞ்சம் குறைந்த ஆக்ஸிஜனே போதும். வாசலில் சிரித்துக்கொண்டே ஏறியவர் மூன்று மணி நேரம் கழித்துச் சுருண்டுவிடலாம்.

இது அபூர்வமும் அல்ல. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களிலிருந்து தரையிலுள்ள மருத்துவ மையத்துக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 12,000 சம்பவங்கள். 604 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கு. அதில் விமானத்தைத் திருப்ப நேர்ந்தது சுமார் 7 சதவீதம்தான். மற்றதெல்லாம் ஆக்ஸிஜன், சர்க்கரை, ஒரு மாத்திரை, காலை உயர்த்திப் படுக்க வைப்பது என்று வானத்திலேயே சமாளிக்கப்பட்டவை. ஒரு கேப்டன் திருப்புகிறார் என்றால் வேறு வழி குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அந்த முடிவு சாதாரணமானதல்ல. உள்ளே இருக்கும் டாக்டர் ஒன்று சொல்வார், தரையிலிருந்து பேசும் டாக்டர் ஒன்று சொல்வார், கடைசி வார்த்தை கேப்டனுடையது. பக்கத்தில் இருக்கும் விமான நிலையம் எல்லாம் உதவாது. ஓடுபாதை போதுமா, வானிலை எப்படி, அங்கே இதயத்துக்குச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தால் டாங்க் நிறைய எரிபொருள் இருக்கும், இறங்குவதற்கு எடை அதிகம். பெரிய விமானங்கள் பலவற்றில் அதை வானிலேயே வெளியேற்றலாம். ஏ320, 737 போன்ற சிறிய விமானங்களில் அந்த வசதி கிடையாது. அவசரமென்றால் எடையோடு இறங்கிவிட்டு, அப்புறம் விமானத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

மும்பையில் நாங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் யாருடைய அலட்சியத்தாலும் அல்ல. இறங்கியவரின் பெட்டியை அடியிலிருந்து தேடி எடுக்க வேண்டும். எரிபொருள் நிரப்ப வேண்டும், புதிய பயணத் திட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், பைலட்டுகளின் வேலை நேரம் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கேப்டன் இரண்டு நிமிடம் மைக்கில் விளக்கியிருந்தால் பாதி முணுமுணுப்பு அடங்கியிருக்கும். அந்தக் குறை எனக்கு உண்டு.

2023 ஆகஸ்ட் 27 அன்று பெங்களூரிலிருந்து டெல்லி போன விஸ்தாரா விமானத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கு மூச்சும் நாடியும் நின்றுபோனது. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள குழந்தை. மாநாட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த எய்ம்ஸ் டாக்டர்கள் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் போராடினார்கள். துடிப்பு மறுபடி நின்றபோது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியால் மீட்டார்கள். விமானம் நாக்பூருக்குத் திரும்பியது, குழந்தையை உயிரோடு ஒப்படைத்தார்கள். சில நாட்களில் அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது. அதற்காக அன்று நாக்பூரில் இறங்கியது வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? பெற்றவர்களுக்கு அந்தச் சில நாட்கள் கிடைத்தன.

எங்கள் விமானத்தில் ஓடிவந்த பெண்ணை நினைக்கிறேன். எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் சரியாகக் கேட்காது. இடம் கிடையாது, நோயாளியின் பழைய ரிப்போர்ட் கிடையாது. இப்படி உதவும் டாக்டர்களை வழக்கிலிருந்து காக்க அமெரிக்காவில் 1998லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கானது. விமானத்தில் எழுந்து வருகிறவருக்கும் அதே பாதுகாப்பைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று அந்த டாக்டர், "அவர் என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று கேட்டபோது அந்த அம்மா சொன்ன பதில்: "எல்லாம் பெரிய பெட்டியில போட்டுட்டோம்மா." அந்தப் பெட்டி எங்கள் காலுக்குக் கீழேதான் இருந்தது. யாராலும் எடுக்க முடியாது.

பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் பறக்கும் அப்பா அம்மாக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! ஊறுகாயும் பொடியும் கட்டுவதில் இருக்கும் கவனம் மாத்திரைப் பெட்டியில் இருப்பதில்லை. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர், இதய நோயாளி, ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர் என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி, டாக்டரிடம் சான்று வாங்குங்கள். சொன்னால் ஏற்ற மாட்டார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள்.

அடுத்த மாதம் என் அம்மா தங்கை வீட்டுக்குப் பறக்கிறார். ஒரு வாரத்து மாத்திரையைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். என்ன நோய், என்ன மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய தாள் அவர் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து இருக்கிறது.